மில்லர்ஸ் பெண்ட் பள்ளியில் பிரச்சினைகள் பூஜ்யம்

நானூற்று முப்பத்தொன்று. மில்லர்ஸ் பெண்ட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் ஆலோசகராக ரோண்டா ஸ்வோபோடா ஆகஸ்ட் மாதம் பொறுப்பேற்றபோது அவர் தலையில் கட்டப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை அது. அதற்கு முந்தைய மே மாதம்வரை அவருக்கு ஒரு நேரத்தில் இருபத்தாறு பேர்தான். ஒரு வேதியியல் ஆய்வகம், ஒரு வரிசைக் குழாய்கள், ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி. இவர்களில் யார் எதைக் கொளுத்துவார்கள் என்பது அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். பத்தொன்பது வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பை விட்டு அவர் ஏன் போனார் என்று ஊரில் பலருக்கும் புரியவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த மூலையில் ஒருவர் வேலை மாறுகிறார் என்றால் முழங்கால் போயிருக்கவேண்டும், அல்லது கணவர் போயிருக்கவேண்டும். ரோண்டாவுக்கு இரண்டும் நன்றாகவே இருந்தன. அவருக்கு இருந்த பிரச்சினை வேறு. வகுப்பு முடிந்தபிறகு குடுவை கழுவ உதவுகிறேன் என்று பிள்ளைகள் தங்கிவிடுவார்கள். ரோண்டா தொட்டிப் பக்கம் திரும்பி நின்று கழுவிக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து ஒரு குரல், அப்பா வீட்டைவிட்டுப் போனதையோ, கால்பந்து அணியிலிருந்து நீக்கப்பட்டதையோ சொல்லிக்கொண்டிருக்கும். தண்ணீர் சத்தத்தில் பாதி அவர் காதில் விழாது. அதனால் குறுக்கே எதுவும் சொல்லமாட்டார். பிள்ளைகள் மனம் லேசாகி வீட்டுக்குப் போவார்கள். மிஸஸ் ஸ்வோபோடா மாதிரிக் கேட்க ஆளில்லை என்று பள்ளி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை நம்பியவர்களில் முதல் ஆள் ரோண்டாதான்.

மூன்று வருடம் மாலை வகுப்புகளில் படித்து ஆலோசகர் பட்டம் வாங்கினார். அங்கே தலையாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். எதிராளி சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுப்பாடத்துக்கு ஆள் வேண்டும். தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் கணவர் வெய்ன் மாட்டிக்கொண்டார்.

"லாரி பிரேக் போச்சுன்னு சொன்னேன்," என்று வெய்ன் பௌலிங் கூடத்தில் நண்பர்களிடம் முறையிட்டார். "பிரேக் போனது உங்களை எப்படிப் பாதிச்சிருக்குன்னு கேக்குறா. பள்ளத்துல இறங்கிப் பாதிச்சதுன்னு சொன்னேன். அதைக் குறிச்சுவெச்சுக்கிட்டா."

ஆசிரியர் சங்க ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. அதே மாவட்டத்துக்குள் வேலை மாறுகிறவர், முதல் வருடத்தில் பிப்ரவரி மாதக் கடைசி வேலைநாள் மாலை நான்கு மணிக்குள் தலைமையாசிரியரிடம் நேரில் சொன்னால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். அதன்பிறகு அந்த இடம் யாருக்கு வேண்டுமானாலும் போகும். ஆய்வகத்தைத் தற்காலிகமாக ஒரு இளைஞர் பார்த்துக்கொண்டிருந்தார். ரோண்டா அந்தப் பிரிவைப் படித்துவிட்டுச் சிரித்தது ஜூலை மாதத்தில். அக்டோபரில் அதைத் திரும்ப எடுத்துப் படித்தார். நவம்பரில் அது மனப்பாடமாகிவிட்டது.

காரணம் சுலபமானது. யாரும் பேச வரவில்லை.

அறை என்னவோ நல்ல அறைதான். கதவு உண்டு. மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி உண்டு. உன் உணர்வுகளுக்கு இங்கே இடமுண்டு என்று சுவரில் ஒரு படம் சொன்னது. அந்தப் படத்துக்குக் கீழே மாணவர்கள் உட்காரவேண்டிய நாற்காலியில் மாநிலத் தேர்வின் வினாத்தாள் பெட்டிகள் கூரைக்குப் பாதிவரை அடுக்கப்பட்டிருந்தன. பூட்டுப் போட்ட அறையில்தான் அவற்றை வைக்கவேண்டும் என்பது விதி. பள்ளியில் ஒழுங்காகப் பூட்டக்கூடிய கதவு ஆலோசகர் அறைக்குத்தான் இருந்தது, அந்தரங்கம் காக்கவேண்டும் என்பதற்காக. ஆகவே உணர்வுகளோடு வருகிற பிள்ளைகள் நின்றுகொண்டுதான் அவற்றைச் சொல்லவேண்டியிருந்தது.

பிள்ளைகள் வந்தது எல்லாம் வகுப்பு அட்டவணை மாற்ற. ஸ்பானிஷ் வேண்டாம், மரவேலை வேண்டும். மரவேலை வேண்டாம், அங்கே என் பழைய காதலி இருக்கிறாள். ரோண்டா அதில் அசாத்தியத் திறமைசாலியாக இருந்தார் என்பதுதான் சோகம். அணு அணுவாகச் சமன்செய்து பழகிய மூளை. ஒருவனை நகர்த்த மூவரை நகர்த்தி, அந்த மூவருக்காக இசைக்குழுப் பயிற்சியையே பிற்பகலுக்குத் தள்ளி, எல்லாக் கட்டங்களும் பொருந்தி உட்காரும்போது அவருக்குக் கிடைத்த ஆனந்தத்தை வெளியே சொல்ல முடியாது. ஆலோசகர்கள் இதற்காக ஆனந்தப்படக் கூடாது.

"நீங்க ஒரு பொக்கிஷம், ரோண்டா," என்றார் தலைமையாசிரியர் ப்ராண்ட்.

டாக்டர் ப்ராண்ட் என்று சொல்லவேண்டும். சொல்லாதவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக ஆரம்பித்து, பள்ளி லாக்கர்களை ஒதுக்கும் முறை பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். எதையும் வரைபடமாகப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். பொக்கிஷம் என்று சொன்ன கையோடு மதிய உணவுக்கூட மேற்பார்வையையும் ரோண்டாவிடம் கொடுத்தார். அடுத்த வாரம் மாநிலத் தேர்வுப் பொறுப்பு வந்தது. அதற்கடுத்து, வாகன நிறுத்துமிட அனுமதி அட்டை.

அந்த ஆகஸ்டில் டாக்டர் ப்ராண்ட் கொண்டுவந்த புதுமை ஒன்று இருந்தது. ஆலோசகரைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் இனிமேல் கணினியில்தான் நேரம் கேட்கவேண்டும். திரையில் ஐந்து பொத்தான்கள்: அட்டவணை மாற்றம், மதிப்பெண் சான்றிதழ், கல்லூரி, உதவித்தொகை, தனிப்பட்ட விஷயம். ஐந்தாவதை அழுத்தினால் அடுத்த நொடியே ஒரு மின்னஞ்சல் தானாகக் கிளம்பும். பெற்றோருக்கு, வகுப்பாசிரியருக்கு, தலைமையாசிரியருக்கு, பள்ளிக் காவலருக்கு. உங்கள் பிள்ளை ஒரு தனிப்பட்ட விஷயம் குறித்துப் பேச விரும்புகிறார் என்று நான்கு பேருக்கும் ஒரே வாக்கியம் போகும்.

இது சரிவருமா என்று ரோண்டா கேட்டார். வெளிப்படைத்தன்மை என்றார் டாக்டர் ப்ராண்ட். அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றார் ரோண்டா. உண்மையிலேயே பிரச்சினை இருக்கிற பிள்ளை ஒரு மின்னஞ்சலுக்குப் பயப்படாது என்றார் டாக்டர். ரோண்டா தலையாட்டினார். கற்றுக்கொண்ட வித்தைகளில் அது ஒன்றுதான் அலுவலகத்தில் உபயோகப்பட்டது.

டிசம்பர் மாதப் பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் டாக்டர் ப்ராண்ட் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். போன வருடம் தனிப்பட்ட பிரச்சினைகளோடு ஆலோசகரிடம் வந்தவர்கள், உயரமான சிவப்புத் தூண். இந்த வருடம், தூணே இல்லை. பூஜ்யம். கூட்டம் கைதட்டியது. குழு உறுப்பினர் கெய்ல் ரெய்னர்ட் எழுந்து பாராட்டுத் தீர்மானம் முன்மொழிந்தார். கெய்ல் ஊரின் விதைக் கடையை நடத்தும் பெண்மணி, மூன்று தலைமுறையாக மெத்தடிஸ்ட் சபைக்காரர், எதையும் தள்ளிப்போடாதவர். ரோண்டாவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவரும் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டார்.

கெய்லின் மகள் கோரா பள்ளியில் கடைசி வருடம். எல்லாப் பாடத்திலும் முதல் தரம், இசைக்குழுவில் முதல் கிளாரினெட். யாரும் கவலைப்படத் தேவையில்லாத பிள்ளை என்று ஆசிரியர் அறையில் அவளைச் சொல்வார்கள். அவளும் அட்டவணை மாற்றத்துக்கு வந்துகொண்டிருந்தாள். செப்டம்பரில் இயற்பியலைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றவேண்டும். நவம்பரில் வரலாற்றுக்கு வேறு ஆசிரியர் வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்தபோது ஏறக்குறைய மொத்த அட்டவணையையும் புரட்டிப்போடவேண்டும் என்றாள். கடைசியில் சொன்னதைச் செய்துமுடிக்க ரோண்டாவுக்கு ஒரு வார இறுதி முழுக்கப் பிடித்தது. வெய்னை அழைத்துத் திரையைக் காட்டினார்.

"பாருங்க. ஒருத்தியை நகர்த்த ஒரு வகுப்பையே கலைச்சு அடுக்கியிருக்கேன். யாருக்கும் தெரியாது."

"நீ சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டார் வெய்ன்.

ரோண்டா திரையை மூடினார்.

ஏன் மாற்றவேண்டும் என்று கோராவிடம் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டார். கோரா பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் யோசிப்பாள். அங்கேதான் சிக்கல். வகுப்பறையில் கேள்வி கேட்ட ஆசிரியர் மூன்று நொடி காத்திருப்பார். பதில் வராவிட்டால் அடுத்த கைக்குத் தாவுவார். அந்த மூன்று நொடி ரோண்டாவின் உடம்பில் ஊறியிருந்தது. ஆலோசகர் அறையில் அடுத்த கை கிடையாது. ஆகவே நான்காவது நொடியில் தானே பதிலைச் சொல்லிவிடுவார். "காலையில எழுந்திருக்கக் கஷ்டமா இருக்கு, இல்லையா?" என்பார். ஆமாம் மிஸ் என்பாள் கோரா. "அந்தச் சார் ரொம்ப வேகமா நடத்துறார்னு எல்லாருமே சொல்றாங்க." ஆமாம் மிஸ். சரியான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல ரோண்டா அவளைப் பார்த்துப் புன்னகைத்து, விசைப்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார்.

இப்படியாகப் பிப்ரவரியின் கடைசி வேலைநாள் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை.

ஆய்வகத்துக்கே திரும்பிவிடுவது என்று ரோண்டா முடிவெடுத்திருந்தார். காலையில் காப்பி குடிக்கும்போதே வெய்னிடம் சொல்லிவிட்டார். இந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை, படித்த படிப்பு போனால் போகிறது, அமிலமும் காரமும் குறைந்தபட்சம் எதிர்வினை காட்டும் என்றார். வெய்ன் எதிர்க்கவில்லை. அவருக்கு லாரியைப் பற்றிப் பழையபடி பேச ஆசையிருந்தது. மதியம் உணவுக்கூடத்தில் பிள்ளைகள் சில்லி என்கிற கறிக்குழம்பில் இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியை முக்கித் தின்பதை மேற்பார்த்துக்கொண்டே ரோண்டா டாக்டரிடம் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். இரண்டு வாக்கியம்தான். மூன்றரை மணிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம், அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி நேரம்கூடக் கேட்டுவைத்திருந்தார்.

இரண்டேகாலுக்குக் கோரா வந்தாள். மறுபடியும் அட்டவணை மாற்றம்.

பிப்ரவரி கடைசியில் அட்டவணை மாற்றுகிற வழக்கமே கிடையாது. இருந்தாலும் ரோண்டா கணினியைத் திறந்தார். கடைசியாக ஒரு நல்ல புதிர். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது, நிற்கவேயில்லை. மாவட்டம் முழுக்கச் சிஸ்டம் படுத்துவிட்டது என்று அலுவலக அறையிலிருந்து செயலர் வெர்னா கத்தியது கேட்டது. பனிப்புயல் அடித்தாலும் பள்ளிக்குப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடுகிற வெர்னா, கணினி நின்றால் உடனே பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ரோண்டா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்தால் எந்த வகுப்பைத் தொடுவது, யாரை நகர்த்துவது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கேள்வி கேட்க மறந்துபோனார். பேசவும் மறந்துபோனார். கோரா இருக்கிறாள் என்பதே பாதி மறந்துவிட்டது. மூன்று நொடி போய் மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

"மிஸ், அது வரலைன்னாலும் பரவாயில்ல," என்றாள் கோரா.

"வந்துடும். எந்த வகுப்பு?"

"எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு. அது என்கூடவே வருது."

ரோண்டா திரும்பினார். எது என்று கேட்டார். உடனே அவர் வாயில் விடைகள் வரிசையில் வந்து நின்றன. காதலன். கல்லூரிக் கவலை. அம்மா. தேர்வுத் தாளில் இருப்பதுபோல அ, ஆ, இ. வாயைத் திறந்தேவிட்டார். அப்போதுதான், கோரா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தார். ரோண்டா வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் செய்த கடினமான காரியம் அதுதான் என்று பின்னால் வெய்னிடம் சொன்னார்.

"உட்காரட்டுமா?" என்று கேட்டாள் கோரா.

நாற்காலியில் மாநிலத் தேர்வு உட்கார்ந்திருந்தது. ரோண்டா எழுந்து வினாத்தாள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் தள்ளினார். விதிப்படி அவற்றைச் சாய்க்கக்கூடக் கூடாது.

கோரா சொல்லச் சொல்ல, ரோண்டா செப்டம்பரிலிருந்து தான் செய்த அழகான மாற்றங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. இயற்பியல் வகுப்பு வாசலில்தான் முதலில் வந்ததாம். நெஞ்சு அடைத்து, கை உதறி, செத்துவிடப்போகிறோம் என்று ஒரு பயம். காலை நேரத்தால்தான் என்று நினைத்து பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டாள். பிற்பகலிலும் வந்தது. அந்த ஆசிரியரால் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கட்டடத்தால் என்று நினைத்தாள். இப்போது எந்த வகுப்பு வாசலிலும் வருகிறது. பாதி நேரம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறாள். இசைக்குழுப் பயிற்சி என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மூன்று வாரமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. கிளாரினெட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று ரோண்டா கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்தது.

"அந்த அஞ்சாவது பட்டனை அழுத்தினா அம்மாவுக்கு மெயில் போயிடும். அட்டவணை மாற்றம்னு போட்டா யாருக்கும் போகாது. உங்களைப் பார்க்க வேற வழி தெரியல."

"அம்மாகிட்ட சொல்ல முடியாதா?"

"அம்மா கைதட்டினாங்க மிஸ். பூஜ்யம்னு காட்டினப்ப. வீட்டுக்கு வந்தும் அதையே பேசினாங்க. நான் எப்படிப் போய் ஒண்ணுன்னு சொல்றது?"

"நானும்தான் தட்டினேன்," என்றார் ரோண்டா.

கோரா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ஆகஸ்டிலிருந்து திறக்கப்படாத காகிதக் கைக்குட்டைப் பெட்டியின் நெகிழித் தாளைக் கிழிக்க ரோண்டா கத்தரிக்கோல் தேடவேண்டியிருந்தது.

மூன்றே காலுக்கு மணி அடித்தது. பேருந்துகள் போயின. திரையில் வட்டம் மறைந்து கட்டங்கள் வந்து வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது. சுவர்க் கடிகாரம் ரோண்டாவின் கண்ணுக்கு நேராகவே இருந்தது. மூன்றரை ஆனதையும் பார்த்தார். மூன்றே முக்காலானதையும் பார்த்தார். நடுவில் ஐந்து நிமிடம் போய்விட்டு வரலாம். இரண்டு வாக்கியம்தான். கோராவும் ஒன்றும் தப்பாக நினைக்கமாட்டாள், நல்ல பிள்ளை, பரவாயில்ல மிஸ் என்பாள். பரவாயில்ல என்று சொல்லிச் சொல்லியே இந்த நிலைக்கு வந்த பிள்ளை.

கதவு தட்டப்பட்டது. வெர்னா தலையை நீட்டினார்.

"ரோண்டா, டாக்டர் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். இன்னும் பத்து நிமிஷத்துல கோட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். நாலு மணி ஆனா உன் கெமிஸ்ட்ரி போச்சு கண்ணு, தெரியும்ல?"

"சிஸ்டம் இன்னும் வரலைன்னு சொல்லு," என்றார் ரோண்டா.

வெர்னா திரையைப் பார்த்தார். பளிச்சென்று எல்லாக் கட்டங்களும் தெரிந்தன. தரையில் கிடந்த அரசாங்கப் பெட்டிகளைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார்.

"ஆமா, வரல," என்றார். "இன்னிக்கு வராது." கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான்கு மணி ஆனது. ஆய்வகத்தின் நாற்றம் ஒரு நொடி ரோண்டாவின் மூக்கில் வந்தது. கோரா அப்போது தூக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோண்டா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. அவள் முழுதாகச் சொல்லிமுடித்த பிறகுதான் பேசினார். இதற்கு மருத்துவம் உண்டு, இது பலருக்கும் வருவது, மருத்துவரைப் பார்க்கவேண்டும், அதற்கு அம்மாவுக்குத் தெரிந்துதான் ஆகவேண்டும் என்றார்.

"மெஷின் சொல்லாது. நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன். திக்கினா நான் எடுத்துச் சொல்றேன்."

"கத்துவாங்க."

"கத்தட்டும். நானும் கத்துவேன். வேதியியல் டீச்சர் சத்தம் உனக்குத் தெரியும்ல."

கோரா மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்தாள். இங்கேயே கூப்பிடுங்க என்றாள். ரோண்டா விதைக் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். கெய்ல் ரெய்னர்ட் பதினைந்து நிமிடத்தில் வந்தார். கோட்டைக் கழற்றாமலே நின்றார். மகள் பேசி முடிக்கும்வரை எந்தத் தீர்மானமும் முன்மொழியவில்லை. பிறகு உட்கார இடம் தேடினார். நாற்காலி ஒன்றுதான். மாநிலத் தேர்வுப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?" என்று மகளிடம் கேட்டார்.

"செப்டம்பரிலிருந்து."

கெய்ல் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கத்தவில்லை. பிறகு ரோண்டாவைப் பார்த்து, "எந்த டாக்டர்?" என்று கேட்டார். ப்ராண்டைப் பற்றிக் கேட்கிறாரோ என்று ரோண்டாவுக்கு ஒரு நொடி குழம்பியது. பிறகு புரிந்து, மாவட்ட மருத்துவமனையில் இளம்பிள்ளைகளைப் பார்க்கிற மனநல மருத்துவரின் பெயரைச் சொன்னார்.

அன்று மாலை ரோண்டா வேலைப் பதிவில் எழுதவேண்டியிருந்தது. தனிப்பட்ட விஷயம் என்று குறித்தால் நான்கு பேருக்கு மின்னஞ்சல் கிளம்பும். ஆகவே அட்டவணை மாற்றம், இரண்டே முக்கால் மணி நேரம் என்று பதிந்தார். வீட்டில் வெய்ன் என்ன ஆச்சு என்று கேட்டார். போகவில்லை என்றார் ரோண்டா. வெய்ன் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அது உன்னை எப்படிப் பாதிச்சிருக்கு?" என்று கேட்டார். ரோண்டா தலையணையை எடுத்து வீசினார்.

திங்கட்கிழமை டாக்டர் ப்ராண்ட் கூப்பிட்டனுப்பினார். ஒரு அட்டவணை மாற்றத்துக்குச் சராசரியாக ஏழு நிமிடம் ஆகிறது என்று வரைபடம் காட்டியது. வெள்ளிக்கிழமை அது கூரையைத் தொட்டிருந்தது.

"என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"எதையும் மாத்தல, டாக்டர். அந்தப் பொண்ணுக்கு இருக்கிற அட்டவணையே சரின்னு முடிவாச்சு."

இதை வரைபடத்திலிருந்து எடுத்துவிடலாம், விதிவிலக்கு என்றார் டாக்டர். நான்கு மணிக்குள் வராதது பற்றி அவர் வருத்தப்படவில்லை. அட்டவணை போட இவ்வளவு நல்ல ஆள் அவருக்கு எங்கே கிடைக்கும். தரையில் கிடக்கும் தேர்வுப் பெட்டிகளைப் பற்றி மட்டும் மாநிலத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னார். ரோண்டா எழுதுவதாகச் சொல்லிவிட்டு, பெட்டிகளைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துக்கொள்ளலாமே, அங்கேயும் கதவு இருக்கிறதே என்றார். பூட்டு சரியில்லை என்றார் டாக்டர். பூட்டு மாற்றுகிறவரைக் காலையிலேயே வரச்சொல்லிவிட்டேன் என்றார் ரோண்டா.

மறுநாள் வேதியியல் ஆசிரியர் பணியிடத்துக்கு மாவட்ட இணையதளத்தில் விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தவர் ஒருவர்தான், பள்ளியின் மல்யுத்தப் பயிற்சியாளர். ஆகஸ்டில் அவர் பொறுப்பேற்கிறார். கோராவுக்கு வியாழக்கிழமை காலை மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. காரைக் கெய்ல் ஓட்டுகிறார், ரோண்டா பின்னிருக்கையில்.